கிரேன்ஃபீல்ட் வடக்குத் தொகுதி, சாத்தாங்காட்டுக் கிளை

தவசிமுத்து என்பது அவர் பெயர். சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில், லாரிகளை எடைபோடும் வேபிரிட்ஜில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சரக்கோடு உள்ளே வரும் லாரியின் எடையைப் பார்ப்பார். சரக்கை இறக்கிவிட்டு வெளியே போகும் லாரியின் எடையையும் பார்ப்பார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எதுவோ அதுவே சரக்கு. ஆயுளெல்லாம் இந்த ஒரு கணக்கையே பார்த்திருந்தமையால், மனிதர்களையும் அவ்வாறே நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டுவிட்டது. ஒருவர் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனால், அவர் வருவதற்கு முன் இருந்ததற்கும் போனபின் இருப்பதற்கும் ஏதேனும் வேறுபாடு உண்டா என்று பார்ப்பார். பெரும்பாலும் இராது.

அவருக்கு இன்னும் இரண்டு பழக்கங்கள் உண்டு. தேர்தல் நாளன்று வாக்குச்சாவடி திறக்குமுன்பே வரிசையின் தலையில் நிற்பார். வாக்களித்தபின் மையிட்ட விரலைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு வீடு திரும்புவார். யாருக்குப் போட்டார் என்பதை எவரிடமும் சொல்லமாட்டார். மணமான புதிதில் அவர் மனைவி கோவிந்தம்மா கேட்டுப் பார்த்தார். பிறகு, சுவரிடம் கேட்டாலும் காறையாவது உதிரும் என்று சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டார். மற்றொரு பழக்கம், ஞாயிறு மாலைதோறும் கனடாவிலிருக்கும் ஒரே மகள் கார்குழலியோடு தொலைபேசியில் பேசுவது. அவள் அங்கே கிரேன்ஃபீல்ட் வடக்கு என்னும் புறநகரில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன்வரை அது சோளக்காடாம். இப்போதோ, தான் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு தெரு முளைத்துவிடுகிறது என்பாள்.

தவசிமுத்துவின் தெருவில் முளைத்தது ஒரு பள்ளம். கார்த்திகை மாதத்தில் மழைநீர் வடிகாலுக்கென்று தோண்டினார்கள். தோண்டியவர்கள் மண்ணைச் சாலையோரம் குவித்தார்கள்; குவித்தவர்கள் போனார்கள்; போனவர்கள் வரவில்லை. வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் நடுவே ஆளை விழுங்கும் ஆழத்தில் பள்ளம். அதன்மேல் ஒரு பலகை. பலகையில் தவசிமுத்து நடந்துவிடுவார். முழங்கால் தேய்ந்த கோவிந்தம்மாவால் முடியாது. கார்த்திகையில் உள்ளே போனவர் சித்திரை பிறந்தும் தெருவை மிதிக்கவில்லை. நாள்தோறும் முனையில் மீன்காரியோடு பேரம் பேசிச் சண்டையிட்டுச் சமாதானமாகித் திரும்பிய அம்மாள், இப்போது சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜெயில்ல கூட மனு போட்டா பரோல்ல வுடுவான்யா. எனக்கு அதுவும் இல்ல" என்பார்.

தவசிமுத்து வார்டு அலுவலகத்திற்கு நடையாய் நடந்தார். அங்கிருந்த பொறியாளர் மிகவும் மரியாதையானவர். ஒவ்வொரு முறையும் நாற்காலி கொடுத்தார்.

"அந்த வேலை முடிஞ்சிருச்சே ஐயா. கம்ப்யூட்டர்ல 'நிறைவு'ன்னு காட்டுது."

"சார், பள்ளம் அப்டியே கீது சார்."

"முடிஞ்ச வேலைல பள்ளம் இருக்காது. அப்ப அது வேற பள்ளம். வேற பள்ளம்னா யார் தோண்டுனது? பர்மிஷன் வாங்கியிருக்கீங்களா?"

பள்ளம் வைத்திருந்ததற்காக அபராதம் விதித்துவிடுவார்களோ என்று அஞ்சித் தவசிமுத்து நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

இவ்வாறிருக்கையில்தான் கிரேன்ஃபீல்ட் வடக்குத் தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது.

தேர்தல் இல்லாத ஆண்டு கட்சிக்காரருக்கு மீன்பிடித் தடைக்காலம் போன்றது. வலை இருக்கும், படகு இருக்கும், கடல் இருக்கும், இறங்கக் கூடாது. ஆளும் தரப்பின் வட்டச் செயலாளர் ரகுபதி அப்படித்தான் கைகால் குறுகுறுக்கக் கிடந்தார். அவருடைய மச்சான் ஒருவர் கனடாவில், பிரிங்கிள் என்னும் வேட்பாளருக்கு நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தார். அவர் ஒருநாள் பேச்சுவாக்கில், "இந்தத் தொகுதிக்காரங்க யாரோட அப்பா அம்மாவாச்சும் உங்க பக்கம் இருந்தா, ஒரு வார்த்தை சொல்லி வை" என்றார். அந்த ஒரு வார்த்தை மறுநாள் காலையில், 'கிரேன்ஃபீல்ட் வடக்குத் தொகுதித் தேர்தல் பணிக்குழு, சாத்தாங்காட்டுக் கிளை' ஆயிற்று. தலைவர், துணைத்தலைவர்கள், மகளிர் அணி, மீனவர் அணி, பனிப்பொழிவு அணி என நிருவாகிகள் அறிவிக்கப்பட்டனர். கிளையின் எல்லைக்குள் பெற்றோர் இருக்கும் அத்தொகுதி வாக்காளர் எத்தனை பேர் என்று விசாரித்ததில் ஒருவர் தேறினார். அவர் கார்குழலி.

ரகுபதி பரிவாரத்தோடு பலகையில் ஒவ்வொருவராகக் கடந்து வந்து, தவசிமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"நைனா, பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு. வோட்டு அண்ணன் பிரிங்கிளுக்குத்தான்னு சொல்ட்டா போதும். எலக்சன் முடிஞ்ச மறுநாளே பள்ளத்துமேல சிமெண்ட் சிலாபு போட்டுத் தரேன்."

"இப்பவே போடக் கூடாதாப்பா?"

ரகுபதி அதிர்ந்துபோனார். "இப்ப போட்டா லஞ்சமாயிடும் நைனா! அந்த நாட்டுல அதெல்லாம் பயங்கர ஸ்ட்ரிக்ட்டு."

அவர் போன சுவடு மறைவதற்குள் எதிர்த்தரப்பு வட்டச் செயலாளர் செங்குட்டுவன் வந்தார். பிரிங்கிளை எதிர்த்து நிற்கும் ஹாலோவே என்னும் அம்மையாரை அவர் தம் சகோதரியாக அறிவித்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ரகுபதி அந்தப் பக்கம் நின்னா நான் இந்தப் பக்கம்தான நிக்கணும்? அதான அரசியலு" என்று விளக்கினார். அவரும் பொன்னாடை போர்த்தினார். அவரும் சிலாபு தருவதாகச் சொன்னார். அவரும் தேர்தலுக்குப் பிறகுதான் என்றார்.

இருவரும் போனபின் தவசிமுத்து நிறுத்துப் பார்த்தார். பொன்னாடை இரண்டு, பள்ளம் ஒன்று.

தெருவெங்கும் சுவர் விளம்பரங்கள் எழுந்தன. 'கிரேன்ஃபீல்டின் விடிவெள்ளியே', 'அக்கா, ஒட்டாவா அழைக்கிறது' என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்கள். எழுதிக்கொண்டிருந்தபோதே ஒரு பெருஞ்சிக்கல் எழுந்தது. வேட்பாளர்களின் சின்னம் எது? ரகுபதியின் மச்சானைக் கேட்டதில், அந்த நாட்டில் சின்னமே கிடையாது, வாக்குச்சீட்டில் பெயரும் கட்சியும் மட்டுமே இருக்கும், பெயருக்கு எதிரே பென்சிலால் குறியிடுவார்கள் என்று தெரியவந்தது.

"பென்சில்லயா?" என்று ரகுபதி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ரப்பர் வெச்சி அழிச்சிடமாட்டானுங்க? இப்டி ஒரு நாடு எப்டிப்பா உருப்பட்டுது?"

கனடா நாடு செய்யத் தவறியதைச் சாத்தாங்காட்டுக் கிளை செய்தது. தேநீர்க்கடையில் இரு தரப்பும் அமர்ந்து சின்னம் ஒதுக்கின. பனி அள்ளும் மண்வாரிக்கு இருவரும் போட்டியிட்டனர். இறுதியில் மண்வாரி ரகுபதிக்கும், கம்பளிக் குல்லாய் செங்குட்டுவனுக்கும் போயின. சுவரெழுதும் ஓவியர் இரண்டையும் கண்டறியாதவர். ஆகவே பிரிங்கிள் சோற்றுக்கரண்டியோடும், ஹாலோவே அம்மையார் தலையில் கவிழ்த்த இட்டிலியோடும் தெருமுனையில் காட்சியளித்தனர்.

அடுத்தது பொதுக்கூட்டம். வாக்காளர் இல்லத்தின் எதிரிலேயே மேடை அமைய வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் சாலையை அடைத்து மேடை போட அனுமதியில்லை. இருவரும் வார்டுப் பொறியாளரிடம் போயினர். அவர் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாலையில போட்டா அனுமதி வேணும். பள்ளத்துமேல போட்டா வேண்டாம். ஏன்னா பள்ளம் இல்லவே இல்ல. இல்லாத இடத்துக்கு நான் எப்படி அனுமதி மறுக்க முடியும்?"

சந்தையிலிருந்து இரும்புத் தூண்களும் கனத்த தகடுகளும் வந்து இறங்கின. வாசலின் இடப்பாதி முன்னே ரகுபதி மேடை போட்டார்; வலப்பாதி முன்னே செங்குட்டுவன் போட்டார். ஒன்றைவிட ஒன்று ஒரு விரற்கடை உயர்ந்துவிடாதபடி இரவல் மட்டப்பலகை வைத்துப் பார்த்துப் போட்டார்கள். வேலை முடிந்தபோது, வாசற்படியிலிருந்து சாலைவரை ஒரே சமதளமாக இரும்புத்தளம் கிடந்தது. கீழே பள்ளம் இருந்த சுவடே இல்லை.

கோவிந்தம்மா முதலில் ஒரு காலை வைத்துப் பார்த்தார். பிறகு மற்றொரு காலையும் வைத்தார். தகடு அசையவில்லை. சுவரைப் பிடிக்காமல், கணவரையும் பிடிக்காமல், தம் போக்கில் நடந்து தெருமுனைக்குப் போனார். மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாக்கா, உசுரோட கீறியா நீ?" என்று கேட்டாள்.

"என் உசுரு இருக்கட்டும்டி. இந்தக் கவலை மீனை இன்னா வெலைக்குத் தலைல கட்டலாம்னு பாக்கற?" என்று கோவிந்தம்மா தொடங்கினார். அந்தச் சண்டை நெடுநேரம் நீடித்தது. தவசிமுத்து வாசலில் நின்று அதைக் கேட்டார். கட்சிக்காரர் வந்துபோன பின் ஒரு வேறுபாடு இருந்தது அவர் வாழ்நாளில் அதுவே முதன்முறை.

அந்த ஞாயிறு மாலை மகள் அழைத்தபோது, கட்சிக்காரரின் காதுக்கு எட்டாதபடி அவர் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினார். நடந்ததையெல்லாம் சொன்னார். மறுமுனையில் கார்குழலி சிரித்துச் சிரித்து இருமினாள்.

"அப்பா, எனக்கு இங்க வோட்டே கெடையாதுப்பா."

"இன்னாம்மா சொல்ற?"

"இந்த நாட்டுக் குடியுரிமை கெடச்சாதான் வோட்டு. நான் இப்பதான் அப்ளிகேசனே போட்டுகினு கீறேன். இந்த எலக்சனுக்குள்ள வராது."

தவசிமுத்து கீழே பார்த்தார். மேடையின் நடுவில் நாற்காலி போட்டுக் கோவிந்தம்மா உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்டை வீட்டுப் பெண்கள் இருவர் பக்கத்தில் அமர்ந்து, கார்த்திகையிலிருந்து தெருவில் நடந்த அனைத்தையும் அவருக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தனர். உண்மையைச் சொன்னால் இன்று மாலையே மேடையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. சொல்லாமலிருந்தால் அது கள்ள எடையாகுமோ என்றும் உறுத்தியது. அன்றிரவு உண்ணும்போது, வாக்கைப் பற்றி ஒரு செய்தியை வாழ்நாளில் முதன்முறையாக மனைவியிடம் சொன்னார்.

"கொழலிக்கு அங்க வோட்டே இல்லியாம்."

கோவிந்தம்மா குழம்பை ஊற்றினார். "இருக்கற வோட்டையே நீ எவன்கிட்டயும் சொன்னதில்ல. இல்லாத வோட்டைப் போய் ஏன்யா சொல்ற? சாப்டு."

பொதுக்கூட்டம் அடுத்த ஞாயிறன்று நடைபெற்றது. மகள் அழைக்கும் நேரத்தை இரு தரப்பும் விட்டுக்கொடுக்காமையால், இரண்டு கூட்டங்களும் ஒரே நேரத்தில், ஒரே மேடையின் இரு பாதிகளில் நடந்தன. இரண்டு பாதிகளும் சேருமிடத்தில், மகளின் காணொளி அழைப்பைக் காட்ட ஒரு பெருந்திரை நிறுத்தப்பட்டது. தடைக்காலமாகையால் காசிமேட்டு விசைப்படகுக்காரர் சிலரும் பொழுதுபோகாமல் வந்திருந்தனர். ஒலிபெருக்கியின் முன் நின்றதும் ரகுபதிக்கு வேறு தமிழ் வந்துவிட்டது.

"திரண்டிருக்கும் பெருமக்களே! கிரேன்ஃபீல்ட் வடக்கில் பனி கொட்டினால் என்ன நடக்கிறது? கொட்டிய இடத்திலேயே கிடக்கிறது! வாசலைத் தாண்ட முடியாமல் ஒரு தாய் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறாள். அண்ணன் பிரிங்கிள் வென்றால், பொழுது விடிவதற்குள் வாசல்தோறும் பனி வாரப்படும்! ஒரு தாயை மாதக்கணக்கில் வீட்டுக்குள் பூட்டிவைக்கும் கொடுமையை எங்கள் இயக்கம் ஒருபோதும் பொறுக்காது!"

கூட்டத்திலிருந்து ஒரு படகுக்காரர், "அப்ப உன் காலுக்குக் கீழ கீதே பள்ளம், அது இன்னா ஆவுது தலைவா?" என்று கேட்டார்.

"நல்ல வினா!" என்றார் ரகுபதி. "பனி வானத்திலிருந்து வருவது. அதற்கு நாம் காரணமல்லோம். ஆகவே அதை அகற்றத் துணிந்து பொறுப்பேற்கிறோம். பள்ளமோ நாமே தோண்டியது. தோண்டிய நாமே அதை மூடினால், தோண்டியது தவறு என்றாகிவிடும். தவறே செய்தறியாத இயக்கம் இது என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்!"

கைதட்டல் அடங்குமுன் வலப்பாதியில் செங்குட்டுவன் முழங்கினார். "நாங்கள் பொறுப்பில் இருந்தபோது இந்தத் தெருவில் பள்ளம் உண்டா? இல்லை! ஏன் இல்லை? வடிகாலே இல்லை! மழைநீர் எந்தத் தடையுமின்றி, ஏழை பணக்காரர் என்று பாராமல், எல்லா வீட்டுக்குள்ளும் சமமாகச் சென்றது. அந்தச் சமத்துவத்தைப் பள்ளத்தில் புதைத்தவர்கள் இவர்கள்! அக்கா ஹாலோவே வென்றால் கிரேன்ஃபீல்டில் இரண்டு அடுக்கு வீட்டின் விலை பாதியாகும். இங்குள்ள வீடுகளின் விலையோ, இந்தப் பள்ளத்தால், ஏற்கெனவே பாதியாகிவிட்டது. அதற்காக இவர்களுக்கு நன்றி சொல்லவும் நான் தயங்கமாட்டேன்!"

கடைசி வாக்கியத்தில் ஏதோ பிசகிவிட்டது என்று அவருக்குத் தோன்றுவதற்குள், திரையில் கார்குழலி தோன்றினாள். அங்கே காலை. வேலைக்குப் புறப்படும் உடுப்பில், சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். கட்சிக்கொடிகளையோ நாற்காலி வரிசைகளையோ அவள் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரே ஒருவரைத்தான் பார்த்தாள்.

"அம்மா! நீ வெளிலயா கீற?"

"வெளிலதான்டி கீறேன்! மீனு கூட நான்தான் வாங்கியாந்தேன்!" என்று கோவிந்தம்மா, ஒலிபெருக்கி தேவைப்படாத குரலில் பதில் சொன்னார். திரையில் மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ரகுபதி ஒரு பக்கமிருந்தும் செங்குட்டுவன் மறுபக்கமிருந்தும் ஒலிவாங்கிகளைத் தவசிமுத்துவின் வாயருகே நீட்டினர். "கேளு நைனா." "கேளு மாமு, கூச்சப்படாத."

தவசிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாப்டியாம்மா?"

"சாப்ட்டேன்பா."

"இன்னா சாப்ட?"

"ரெண்டு தோசை."

ரகுபதி துள்ளிக் குதித்தார். "தோசையின் நிறம் வெள்ளை! பனியின் நிறம் வெள்ளை! பனியை வாருவது எது? நம் மண்வாரி! வாக்கு நமக்கே!" இடப்பாதியில் பட்டாசு வெடித்தது. "என்ன கயமை!" என்றார் செங்குட்டுவன். "தங்கை எத்தனை தோசை என்றாள்? இரண்டு! வாக்குச்சீட்டில் இரண்டாம் பெயர் எவருடையது? அக்கா ஹாலோவே!" வலப்பாதியிலும் வெடித்தது.

புகை விலகியபின் செங்குட்டுவன் நேராகத் திரையையே கேட்டுவிட்டார். "தங்கச்சி, நீயே சொல்லிடும்மா. யாருக்கு உன் வோட்டு?"

"அண்ணே, எங்கப்பா இவ்ளோ வருசமா எங்கம்மாவுக்கே சொன்னதில்ல. உனக்கு நான் சொல்லிடுவனா?" என்றாள் கார்குழலி. படகுக்காரர்கள் சீழ்க்கையடித்தனர்.

தேர்தல் முடிந்தது. பிரிங்கிளும் தோற்றார்; ஹாலோவேயும் தோற்றார். சாத்தாங்காட்டில் எவரும் பெயர்கூட அறிந்திராத, ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவர் வென்றார். அவருக்கு இந்தப் பக்கம் கிளையே இல்லை. கிளையின்றி ஒருவர் எப்படி வெல்ல முடியும் என்பதை ஆராய ரகுபதி ஒரு குழு அமைத்தார். செங்குட்டுவன் அது பென்சிலின் சதி என்று அறிக்கை விட்டார்.

மறுநாள் காலை, ஆளுக்கொரு மூன்று சக்கர வண்டியோடும் திருகு கழற்றும் ஸ்பேனரோடும் இருவரும் வந்து சேர்ந்தனர். கோவிந்தம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேடையின் நடுவில் புறப்பட்ட கோலத்தில் நின்றார். கால் அங்கேயே நின்றுவிட்டது.

"கொஞ்சம் உள்ள போயிடுக்கா. தகடு வாடகை ஏறிகினே கீது" என்றார் ரகுபதி.

"சிலாபு போட்டுத் தரேன்னியேப்பா" என்றார் தவசிமுத்து.

"ஜெயிச்சிருந்தா போட்டிருப்பேன் நைனா. தோத்தவன் சிலாபு போட்டா தொண்டன் மனசு இன்னா பாடுபடும்?" என்று சொல்லிவிட்டு, ரகுபதி குனிந்து முதல் திருகில் ஸ்பேனரை மாட்டினார். பிறகு, ஏதோ நினைவு வந்தவராய் நிமிர்ந்தார். "அது கெடக்கட்டும். மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதணும். பாப்பா கடைசில யாருக்குத்தான் போட்டுச்சு?"

தவசிமுத்து மனைவியைப் பார்த்தார். கோவிந்தம்மா கூடையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"அவளுக்கு இந்தத் தடவை வோட்டே கெடையாதுப்பா. அந்த நாட்டுக் குடியுரிமை இன்னும் வரல."

ஸ்பேனர் நின்றது. வலப்பாதியில் செங்குட்டுவனின் ஸ்பேனரும் நின்றது.

"இத்த ஏன் நைனா மொதல்லயே சொல்லல?"

"வோட்டு கீதான்னு நீங்க யாரும் கேக்கலியே. யாருக்குன்னுதான கேட்டீங்க."

ரகுபதியின் முகம் சிவந்தது; பிறகு மெல்ல மெல்ல வேறோர் எண்ணம் அதில் பரவியது. "அப்ப அடுத்த எலக்சனுக்கு?"

"அதுக்குள்ள வந்துடும்னு சொல்றா."

"புது வோட்டு!" என்று செங்குட்டுவன் மூச்சுவிட்டார். "இன்னும் யாருக்குமே விழாத வோட்டு!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இப்போது எவர் முதலில் தம் பாதியைப் பிரிக்கிறாரோ, அவர் கன்னி வாக்காளரை மற்றவருக்குத் தாரைவார்த்தவராகிவிடுவார். ரகுபதி தாம் தளர்த்திய திருகை மீண்டும் முறுக்கினார். அதைப் பார்த்த செங்குட்டுவன், வண்டியிலிருந்து புதிதாக ஒரு திருகை எடுத்துவந்து, தம் பக்கத்தில் கூடுதலாக ஒன்று முடுக்கினார். ரகுபதி அதற்கும் ஈடாக இரண்டு முடுக்கினார். சந்தைச் சரக்காகையால் ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன் இருந்தது. இரு வண்டிகளும் வெறுமையாகவே திரும்பின.

போகுமுன் ரகுபதி குழைந்தார். "அடுத்த தபா பாப்பாகிட்ட நீயே கேட்டுச் சொல்லிடணும் நைனா. இன்னா?"

தவசிமுத்து மனைவியின் இடுப்பிலிருந்த கூடையைத் தாம் வாங்கிக்கொண்டார்.

"அப்பவும் கேக்கமாட்டேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, கோவிந்தம்மாவோடு மேடையைக் கடந்து மீன் வாங்கப் போனார்.